நாக்குப் படாத பக்கம்

என் அப்பா பல் செட் செய்பவர். யாராவது அவரைப் பல் டாக்டர் என்று அறிமுகப்படுத்தினால் அங்கேயே திருத்திவிடுவார். "டாக்டர் வாய்க்குள்ள வேலை பாக்குறவர். நான் வாய்க்கு வெளியில" என்பார். டாக்டரின் மருத்துவமனைக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு நீளமான அறை உண்டு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அப்பா அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை செய்வார். தாடையின் மேல் மெழுகு, மெழுகில் பல். அறையின் மூன்று சுவர்களிலும் அலமாரி, அலமாரி நிறையத் தாடைகள். சின்ன வயதில் என் தோழி ஒருத்தி அங்கே வந்து பார்த்துவிட்டு அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ஆட்களை அப்பாவுக்கு முகத்தை வைத்து அடையாளம் தெரியாது. தெருவில் யாராவது நின்று விசாரித்தால் பொதுவாகப் பதில் சொல்லிக்கொண்டே அந்த ஆள் சிரிக்கும்வரை காத்திருப்பார். சிரித்துவிட்டால் போதும். "மேல்வரிசை முழுசு, கீழ இடது பக்கம் ரெண்டு" என்று என் காதில் சொல்வார். எதிர்வீட்டுக்காரர் ஏதோ கவலையில் சிரிக்காமல் இருந்த காலம் முழுக்க, அந்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டதாக அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு எஜமான்: நாக்கு. "நாக்கு மாதிரி சந்தேகப் பிராணி உலகத்துல கிடையாது. புது செட்டு போட்ட உடனே ஒரு இடம் விடாம தடவிப் பாக்கும். எங்கயாவது முடி கனத்துக்கு ஒரு மேடு இருந்தா, நாள் பூரா அங்கேயே போய் நின்னுக்கிட்டு இருக்கும்" என்பார். அதனால் அவர் செய்யும் செட்டில் நாக்கு போய் நிற்க இடமே இருக்காது. உரசி, நுரைக்கல் பொடி போட்டுத் தேய்த்து, துணிச் சக்கரத்தில் மெருகேற்றி, ஜன்னல் கம்பி அதில் தெரியும்வரை விடமாட்டார். வீட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு. எங்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள், கத்தரிக்கோல், அம்மாவின் மூக்குக் கண்ணாடிக் காம்பு எல்லாமே அவர் கையில் ஒருமுறை போய்வந்தவை.

அம்மா பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை பார்க்கிறாள். எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்த மேடையில் என்று நாள் முழுவதும் மைக்கில் பதில் சொல்பவள். அதனால் வீட்டில் ஒரு கேள்விக்கு ஒருமுறைதான் பதில் கிடைக்கும். அம்மா கனத்த உடம்புக்காரி. இதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச அவசியமும் இருந்ததில்லை, அந்தக் கார் வரும்வரை.

கார் பழையது. வாங்கும்போதே பழையது. அதை வைத்திருந்தவருக்கு அப்பா கீழ்வரிசை செய்து கொடுத்திருந்தார். அவர் தம் வாயைச் சுத்தமாக வைத்திருந்ததைப் பார்த்து, காரையும் அப்படித்தான் வைத்திருப்பார் என்று நம்பி அப்பா அதை வாங்கினார். சமதரையில் அது ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பெரியம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போக வேண்டும். பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, இருப்பது ஒரு மேட்டின் உச்சியில். கீழிருந்து நேராக ஏறும் சாலை, பாதியில் தண்ணீர்த் தொட்டி அருகே முட்டி மடக்கியது போல ஒரு திருப்பம். அந்தத் திருப்பம் பெரியம்மா வீட்டு மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முன் சீட்டில் அப்பாவும் அம்மாவும், பின் சீட்டில் நானும் ஒரு தையல் மெஷினும் போய்க்கொண்டிருந்தோம். மெஷின் பெரியம்மாவுடையது, பழுது பார்த்துத் திருப்பிக் கொடுக்க எடுத்துப்போனோம். திருப்பத்தில் கார் நின்றது. அப்பா மறுபடி ஸ்டார்ட் செய்தார். ஒரு முழம் ஏறி மறுபடி நின்றது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நீ மட்டும் இறங்கினா போதும்" என்றார் அம்மாவிடம்.

அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள். "மெஷினு?"

"மெஷின் பரவாயில்ல."

அம்மா இறங்கினாள். கார் ஏறியது. அப்பா சொன்னது சரி என்று நிரூபணமானதில் அவர் முகத்தில் ஒரு திருப்தி கூட இருந்தது. நானும் தையல் மெஷினும் மேலே போய்ச் சேர்ந்தோம். அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில், ஒரே சீராக நடந்து வந்தாள். மாடியில் பெரியம்மாவும் பெரியப்பாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா லிஃப்ட் கம்பெனியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நகைச்சுவை கிடைத்தால் அது நூலாகும்வரை உடுத்துவார். "என்ன சகலை, வண்டி பெட்ரோல்ல ஓடுதா, ஆளு இறங்குறதுல ஓடுதா?" என்று மேலிருந்தே கேட்டார். சாப்பிடும்போது, "நாங்கல்லாம் லிஃப்ட்ல எழுதியே ஒட்டிடுவோம், இத்தனை கிலோவுக்கு மேல ஏறக் கூடாதுன்னு. நீங்களும் கதவுல ஒண்ணு ஒட்டிடுங்க" என்றார். பெரியம்மா, "சும்மா இருங்க, அவ கோச்சுக்குவா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் அந்தக் காரில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வருவாள். அப்பா காரில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவார். பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் அவரும் நிற்பார். அம்மா ஜன்னல் ஓரமாகத்தான் உட்கார்ந்திருப்பாள், ஆனால் மறுபக்க ஜன்னல். போகும்போது நான் அம்மாவோடு பஸ்ஸில், வரும்போது அப்பாவோடு காரில் என்று ஏற்பாடு.

அப்பா ஒருமுறை சமாதானம் பேசிப் பார்த்தார். "நான் உன்னைச் சொல்லல. எடையத்தான் சொன்னேன்" என்றார். அதன் பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை.

அப்பாவுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதை அவர் மெக்கானிக்கிடம் தெளிவாகவே சொன்னார். "நாங்க மூணு பேரு. யாரும் இறங்காம மேல போய்ச் சேரணும். வேற எதுவும் வேண்டாம்."

காரை விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்று டாக்டர் சொன்னதற்கு, "பல்லு ஆடுதுன்னா தாடையவா சார் மாத்துறோம்?" என்று கேட்டுவிட்டார்.

மெக்கானிக்குக்கு எங்கள் வீட்டில் 'இன்னொருதரம்' என்று பெயர். எந்தக் கோளாறுக்கும் முதலில் அவர் சொல்வது, இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ணுங்க என்பதுதான். அன்றும் சொன்னார். பிறகு பானெட்டைத் திறந்து, மேலே இருந்த வட்டமான ஏர் ஃபில்டரைக் கழற்றி, கீழே தெரிந்த கார்புரேட்டரைக் காட்டினார். "இஞ்சின் நல்லாத்தான் இருக்கு சார். மூச்சு முட்டுது. காத்து இது வழியாத்தான் போகணும். நடுவுல பாருங்க, தொண்டை மாதிரி சின்னதா இருக்கா? அங்க காத்து வேகமாப் போகும், போற வேகத்துல பெட்ரோலை இழுத்துக்கிட்டுப் போகும். இந்தத் தொண்டைய கொஞ்சம் பெருசாக்கினா காத்து அதிகமா போகும். அதுக்கேத்த மாதிரி பெட்ரோல் வர்ற ஓட்டை, அந்த ஜெட்டையும் பெருசா போட்டா பெட்ரோலும் அதிகமா வரும். மேடு ஏறும்."

அப்பா சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவினார். முகம் மாறியது.

"யாரு செஞ்சது இது?"

"கம்பெனிதான் சார்."

"இவ்வளவு மேடு பள்ளத்தோடயா வெளியில அனுப்பினாங்க? வாயில வெச்சா ரத்தம் வரும்."

"யாரும் வாயில வெக்க மாட்டாங்க சார்" என்றார் மெக்கானிக்.

அப்பா கார்புரேட்டரையும், அதிலிருந்து இஞ்சினுக்குப் போகும் மேனிஃபோல்டுக் குழாயையும் கழற்றித் தரச்சொல்லி, ஒரு பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தம் அறைக்குப் போய்விட்டார்.

முதல் வேலையாக அவர் அச்செடுத்தார். வாயில் வைக்கும் அதே ரப்பர்க் குழைவை உள்ளே அழுத்தி, இறுகியதும் உருவி எடுத்தார். கார்புரேட்டரின் உட்புறம் இளஞ்சிவப்பு நிறத்தில், இடுப்பு ஒடுங்கிய ஒரு பூச்சாடி போல வெளியே வந்தது. வார்ப்பில் விட்ட தழும்பு, இரண்டு பாகம் சேரும் இடத்தில் ஒரு படி, காற்றைத் திறந்து மூடும் தட்டைப் பிடித்திருக்கும் திருகின் நீண்ட வால் என்று எல்லாக் குறைகளும் அதில் பதிந்திருந்தன. அதைத் தாடைகளுக்கு நடுவில் அலமாரியில் வைத்தார். டாக்டர் வந்தபோது எடுத்துப் பார்த்தார்.

"இது எந்த பேஷன்ட்?"

"காரு, சார்."

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு பல்லு கூட இல்லையே" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

வேலை பல நாள் நடந்தது. மற்ற வேலைகளுக்கு இடையில்தான். பல் ராவும் சின்னச் சக்கரத்தால் தொண்டையைச் சுற்றிலும் சீராக ராவினார். அதிகம் போனால் காற்றின் வேகம் குறைந்து பெட்ரோலை இழுக்காது என்று மெக்கானிக் எச்சரித்திருந்ததால், ராவுவதும் அச்செடுத்து அளப்பதுமாகப் போனது. திருகின் வாலை வெட்டினார். தட்டின் விளிம்பை மெல்லிசாக்கினார். படியைக் கரைத்தார். இதுவரை எல்லாம் சரி. இதற்குமேல் அவரால் நிறுத்த முடியவில்லை. நுரைக்கல் பொடியை எடுத்தார். துணிச் சக்கரத்தை எடுத்தார். கார்புரேட்டரின் வாயிலிருந்து குழாயின் கடைசி வளைவு வரை, கை போகாத இடத்தில் ஒரு கம்பியில் துணியைச் சுற்றி விட்டு, கண்ணாடியாக்கிவிட்டார்.

அதே நாட்களில் அதே மேஜையில் இன்னொரு வேலையும் கிடந்தது. பெரியப்பாவின் மேல்வரிசை. பழைய செட்டு தளர்ந்துபோய், அவர் டாக்டரிடம் வந்து புதிதாக அச்சுக் கொடுத்திருந்தார். இரண்டு வேலையும் ஒரே சக்கரத்தில், ஒரே கையால் நடந்தன.

முடித்த அன்று அப்பா கார்புரேட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சமையலறைத் தொட்டியில் சோப்பு போட்டுப் பலமுறை கழுவினார். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள் விளிம்பை நாக்கால் ஒரு சுற்றுத் தடவினார். அம்மா அடுப்பருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்ன என்று கேட்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணுமே தெரியல" என்றார் அப்பா, பெருமையாக.

"கொஞ்சம் உப்பு போட்டுப் பாருங்க" என்றாள்.

அடுத்து, சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு அம்மாவின் எடை வேண்டும். அம்மாவைக் கேட்க முடியாது. "உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்பா தமக்குத் தெரிந்த வழிக்குப் போனார். அறையிலிருந்து பிளாஸ்டர் மாவு மூட்டைகளைக் கொண்டுவந்து, சோபாவில் அம்மா வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒவ்வொன்றாக அடுக்கினார். அம்மா உட்கார்ந்தால் அந்த மெத்தை எவ்வளவு உள்ளே போகும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அச்சுப் பார்ப்பது அவர் தொழில். மெத்தை அந்த ஆழத்துக்குப் போனதும் ஒரு அடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அம்மா வேலை முடிந்து உள்ளே வந்தாள்.

பையைக் கீழே வைக்காமல் சோபாவைப் பார்த்தாள். யாரும் எதுவும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

"நாலு மூட்டையா நானு?"

"நாலரை" என்றார் அப்பா.

அந்த அரையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூட்டைகள் முன் சீட்டுக்குப் போயின. சரியாமலிருக்க பெல்ட்டும் போட்டார். கார் கிளம்பும்போதே இருமியது. சமதரையில் இழுத்துக்கொண்டு போனாலும் நடுநடுவே திணறியது, பின்னால் கறுப்பாகப் புகை விட்டது. திருப்பத்துக்கு வந்ததும் உலுக்கி உலுக்கி நின்றேவிட்டது. முன்பாவது அம்மா இறங்கினால் ஏறும். இப்போது மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சாலையோரம் வைத்த பிறகும் யோசித்தது. மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பெரியப்பா போன் செய்தார்.

"சகலை, மூட்டைங்கள நடந்து வரச் சொல்லிட்டீங்களா?"

மெக்கானிக் ஜெட்டை மாற்றினார். பெரிய ஜெட், அதைவிடச் சிறியது, நடுவில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இன்னொரு தரம் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இருமல் போகவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "கண்ணாடிய விட நல்லா என் முகம் தெரியுது சார்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் புரியவில்லை.  வழுவழுப்பான ஒரு பொருள் தமக்குத் துரோகம் செய்யும் என்று அப்பா எதிர்பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா புது செட்டு போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அம்மா பஸ்ஸில் வந்திருந்தாள். அப்பா, வழக்கம்போல் ஆளில்லாத காரை எப்படியோ மேலே ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"பஸ்ஸு ஒழுங்கா ஏறிச்சாம்மா? டிரைவர் ஒண்ணும் சொல்லலையே?" என்றார் பெரியப்பா அம்மாவிடம். "எங்க கம்பெனி லிஃப்ட்ல ஒரு தடவை இப்படித்தான், ஒரு அம்மா ஏறின உடனே மணி அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. நான் சொன்னேன், நீங்க மட்டும்…"

நீங்க மட்டும் என்பதற்கு மேல் அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து சிரித்தார். மேல்வரிசை முழுசாகக் கழன்று, முன்னால் இருந்த தண்ணீர் டம்ளருக்குள் விழுந்தது. இரவில் அது இருக்கும் இடமும் அதுதான் என்பதால் எந்தச் சிரமமும் இல்லாமல் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

பெரியம்மா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அம்மா சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து, துடைத்துக்கொண்டு, "சாரி அத்தான்" என்று சொல்லி மறுபடி சிரித்தாள். பெரியம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. பெரியப்பா உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு எதையோ சொன்னார். அது யாருக்கும் விளங்கவில்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கரண்டியால் செட்டை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். வெளிப்புறம் பளபளவென்று இருந்தது. திருப்பினார். உட்புறமும் பளபளவென்று இருந்தது.

மேல் செட்டை ஒட்டவைப்பது பசை ஒன்றும் இல்லை. அண்ணத்தின் ஒவ்வொரு வரியும் உட்புறத்தில் அப்படியே பதிந்திருக்கும். அந்த வரிகளோடு வரி பொருந்தி, நடுவில் எச்சில் ஒரு படலமாக நின்று பிடித்துக்கொள்ளும். அதனால் வெளிப்புறத்துக்குத்தான் மெருகு. உட்புறத்தைத் தேய்க்கக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் இது. அப்பா தேய்த்திருந்தார். கார்புரேட்டர் தேய்த்த கை, அது பாட்டுக்கு இதையும் தேய்த்துவிட்டது.

"இது நாக்குப் படாத பக்கம்" என்றார் அப்பா, ஜன்னலிடம்.

செட்டின் மேல் இன்னும் தண்ணீர் இருந்தது. மெருகேறிய பரப்பில் அது நிற்காமல், துளித் துளியாகச் சேர்ந்து, ஒரு கோடாக வழிந்து விளிம்பில் தொங்கியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாதிச் சாப்பாட்டில் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"என் பல்லு!" என்றார் பெரியப்பா. அது மட்டும் எல்லாருக்கும் விளங்கியது.

திரும்பி வரும்போது அம்மாவோடு நானும் பஸ்ஸில் வந்தேன். அம்மா வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். நிறுத்தம் வருவதற்கு முன்னால், "உங்கப்பா லேசுப்பட்ட ஆளு இல்ல" என்றாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் திருத்தப் போகவில்லை.

அப்பா தம் அறைக்குத்தான் போயிருந்தார். மறுநாள் மெக்கானிக்கையும் அங்கேயே வரவழைத்து, என்னையும் கூப்பிட்டார். வாய் கொப்பளிக்க வைத்திருக்கும் தண்ணீரைத் தெளிப்பானில் நிரப்பி, மேனிஃபோல்டுக் குழாய்க்குள் அடித்துக் காட்டினார். புகைபோலப் போன தண்ணீர் கண்ணாடிச் சுவரில் பட்டு, ஒட்டி, கோடுகோடாக இறங்கி, வளைவில் குட்டையாகத் தேங்கியது.

"பெட்ரோலும் இப்படித்தான் போயிருக்கு. காத்தோட கலந்து போக வேண்டியது, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒழுகியிருக்கு. சுவரு கொஞ்சம் சொரசொரன்னு இருந்தா படிஞ்சதை காத்து மறுபடி கிளப்பிட்டுப் போயிரும். வெறும் காத்து போற மேல்பக்கம் வழுவழுன்னு இருக்கலாம். பெட்ரோல் சேர்ந்த பிறகு இருக்கக் கூடாது."

"அப்ப செஞ்ச வேலை பூரா வீணா சார்?"

"பாதி" என்றார் அப்பா.

தொண்டைக்குக் கீழேயும் குழாய்க்குள்ளும் முரட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அப்பா தாளை எடுத்தார். ஒரு இழுப்பு இழுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கையை எடுத்துவிட்டார். மெருகேற்றிய பரப்பைக் கீறுவது அவருக்கு வரவில்லை. தாளை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு அந்தச் சங்கடம் எதுவும் இல்லை. நன்றாகவே தேய்த்தேன்.

மாட்டியதும் கார் இருமாமல் கிளம்பியது. நாலரை மூட்டையையும் முன் சீட்டில் வைத்து, என்னைப் பின்னால் உட்காரவைத்து, ஒரு வேலைநாளில் மேட்டுக்குக் கொண்டுபோனார். திருப்பத்தில் இரண்டாவது கியரில் நிற்காமல் ஏறியது.  இறங்கும் வழியில் டாக்டர் போனில் அவசரமாகக் கூப்பிட்டார். யாருக்கோ கல்யாணப் போட்டோவுக்கு முன்னால் முன்பல் வேண்டும். அப்பா மூட்டைகளை அவசரமாக நகர்த்திவிட்டு, முன் சீட்டில் சிந்தியிருந்த மாவை மட்டும் ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்து வைத்தார்.

இனி அம்மாவைக் கூப்பிட வேண்டும். வீட்டில் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. வீட்டில் அம்மா ஒரு கேள்விக்கு ஒருமுறைதான் பதில் சொல்வாள். அந்தப் பதில் வேண்டாம் என்று வந்துவிட்டால் அப்பீல் கிடையாது. அதனால் அவர் பஸ் நிலையத்துக்குப் போய், விசாரணை ஜன்னலில் வரிசையில் நின்றார். நானும் கூட நின்றேன். முறை வந்ததும் கண்ணாடியின் ஓட்டைக்குக் குனிந்தார்.

"ஞாயித்துக்கிழமை மேட்டு வீட்டுக்குப் போகணும்."

அம்மா அவரைப் பார்த்தாள். மைக்கிலிருந்து வாயை எடுக்கவில்லை. "எத்தனை பேரு?" அது நிலையம் முழுக்கக் கேட்டது.

"மூணு பேரு."

"நடுவுல யாராவது இறங்கணுமா?"

"வேண்டாம்."

"நிச்சயமா தெரியுமா?"

"பார்த்துட்டேன்" என்றார் அப்பா.

"பின்னால ஆளு நிக்கிறாங்க, நகருங்க" என்றாள் அம்மா.

அப்பா நகர்ந்தார். அது சம்மதமா இல்லையா என்று வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பையோடு வெளியே வந்தாள், பஸ் நிறுத்தம் இருக்கும் பக்கம் பார்த்தாள், பிறகு முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெல்ட்டைத் தானே போட்டுக்கொண்டாள். "அக்கா மெஷினோட மூடி இன்னும் டிக்கியிலதான் இருக்கு. ஞாபகமா எடுத்துக் குடுக்கணும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மேட்டின் அடிவாரத்தில் அப்பா வேகத்தைக் கூட்டினார். கார் நன்றாகத்தான் கிளம்பியது. ஆனால் பாதிக்கு முன்பே குரல் கனத்தது. அப்பாவின் நெற்றி சுருங்கியது. இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு வந்தார். அன்று சோதித்தபோது முதல் கியர் தேவைப்படவே இல்லை. கணக்கு எங்கே பிசகியது என்று அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. குடை பிடித்து நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவர் எங்களை நிதானமாகத் தாண்டிப் போனார். மாடியில் பெரியம்மாவும் பெரியப்பாவும் நின்றிருந்தார்கள்.

தண்ணீர்த் தொட்டி வந்தது. திருப்பம் வந்தது. அம்மாவின் கை மெதுவாகக் கதவின் கைப்பிடிக்குப் போனது.

"இறங்கணுமா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. எந்த மேடை என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லும் குரல்தான்.

"உக்காரு" என்றார் அப்பா.

"நான் வேணா இறங்கட்டுமா?" என்றேன் பின்னாலிருந்து.

"யாரும் இறங்க வேண்டாம்."

கார் நடுங்கியது. ஆனால் இருமவில்லை. ஒரு சீரான கனத்த சத்தத்தோடு, ஒரு முழம், அப்புறம் ஒரு முழம் என்று திருப்பத்தைச் சுற்றியது. அப்பா ஸ்டியரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அம்மா கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அத்தான் பல்லு," என்றாள் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டே, "வேணும்னுதானே அப்படிப் பண்ணீங்க?"

அப்பா பொய் சொல்பவர் அல்ல. நாலரை என்றால் நாலரை என்பார். நான் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ம்ம்" என்றார் அப்பா. அது அம்மாவுக்குச் சொன்னதா, இஞ்சினுக்குச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

கார் மேலே போய்ச் சேர்ந்தது. பெரியம்மா கீழே இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா கைக்குட்டையால் வாயை மூடியபடி பின்னால் வந்தார். ஒரு வாரமாக அவரால் எந்த நகைச்சுவையும் சொல்ல முடியவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து புது செட்டு இருந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பி மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்து மூடி, நாக்கால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"மூடி" என்று அம்மா நினைவுபடுத்தினாள். அப்பா போய் டிக்கியைத் திறந்தார்.

உள்ளே மெஷின் மூடியைச் சுற்றி, அன்று அவசரத்தில் நகர்த்தி வைத்த மாவு மூட்டைகள் அத்தனையும் இருந்தன.

எல்லாரும் பார்த்தோம். அம்மா கிட்டே வந்து பார்த்தாள். தன்னையும் தூக்கிக்கொண்டு, தன் அளவுக்கு இன்னொரு பங்கையும் தூக்கிக்கொண்டு வண்டி ஏறியிருக்கிறது என்பது அவளுக்குப் புரிய நேரம் பிடிக்கவில்லை.

"இறக்கிடலாமா சகலை? போகும்போது பாரமா இருக்குமே" என்றார் பெரியப்பா. பல் வந்த பிறகு அவர் சொன்ன முதல் வாக்கியம் அது. அதில் கிண்டல் எதுவும் இல்லை.

"இருக்கட்டும் அத்தான்" என்றாள் அம்மா. "மூட்டை பரவாயில்ல."

சொல்லிவிட்டு மூடியை எடுத்துக்கொண்டு பெரியம்மாவோடு படியேறிப் போனாள். அப்பா மட்டும் டிக்கியைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தார். நாலரையும் நாலரையும் என்று உதடு அசைந்தது. இந்த முறை சத்தம் வரவில்லை.